ஜெர்மன் சில்வர் மூடி

சந்தனக் கிண்ணம், பன்னீர்ச்செம்பு, சீர்வரிசைத் தட்டு என்று ஜெர்மன் சில்வர் சாமான் ஒன்றாவது இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. பெயரில்தான் வெள்ளி. உள்ளே குந்துமணி அளவுகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த உலோகம் அது. பிரெஞ்சில் இதை 'மாய்ஷோர்' என்பார்கள். இதைக் கண்டுபிடித்த இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் பெயர்களை ஒட்டவைத்துச் செய்த சொல் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறது. இந்த வயதில் அந்த உலோகத்தைப் பற்றி மறுபடி யோசிக்க வைத்தது, என் அண்ணனுடைய எலெக்ட்ரிக் கிட்டார்.

அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். எழுபதுகளின் நடுவில் துலோனில் பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கிய கிட்டார் அது. அமெரிக்க கிப்சன் கிட்டாரைப் பார்த்து ஜப்பானில் செய்த நகல். பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியபோது அதையும் கொண்டுவந்தார். மாலையில் மாடியில் உட்கார்ந்து வாசிப்பார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. அண்ணி அதைப் பெட்டியோடு என்னிடம் கொடுத்து, "உங்க பேத்தி கத்துக்கிறாளாமே, சும்மா கிடக்கிறதை அவ வாசிக்கட்டும்" என்றார்.

கம்பிகளுக்கு அடியில் தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான இரண்டு உலோகப் பெட்டிகள் இருக்குமே, அவைதான் பிக்கப். அவற்றின் மூடிகள் கடற்காற்றில் நன்றாகவே அடிபட்டிருந்தன. ஒன்றில் குரோம் பூச்சு பொரிந்து பச்சைக் களிம்பு பூத்திருந்தது. இன்னொன்றில், வாசிப்பவரின் உள்ளங்கை ஓரம் படும் இடத்தில், குரோமும் அதன் அடியிலிருந்த நிக்கலும் தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. பேத்தி வாசித்துப் பார்த்துவிட்டு, "சத்தம் போர்வைக்குள்ளேருந்து வர மாதிரி இருக்கு தாத்தா. மூடியை மாத்திடலாமா?" என்றாள்.

மூடிக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? பிக்கப்புக்குள்ளே ஒரு காந்தமும், தலைமுடியைப்போல மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய சுருளும் இருக்கின்றன. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஒரே சுருளாக இருந்தால் வீட்டு மின்சாரத்தின் 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் கூடவே ஏறிக்கொள்ளும். எதிரெதிராக இரண்டு சுருளை இணைத்து அந்த இரைச்சலைக் கழித்தவர் கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர். காப்புரிமைக்கு 1955 ஜூனில் விண்ணப்பித்தார். 1959 ஜூலையில்தான் கிடைத்தது. நடுவில் கோப்பு நிலுவையில் இருந்த காலத்திலேயே பிக்கப் சந்தைக்கு வந்துவிட்டதால், அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று சீட்டு ஒட்டினார்கள். இன்று அந்தச் சீட்டு உள்ள பிக்கப்புகளுக்குத்தான் கிராக்கி. நிலுவைக் கோப்புக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததை என் உத்தியோக காலத்தில் நான் பார்த்ததில்லை!

அந்த கிப்சன் பிக்கப்பின் மூடி ஜெர்மன் சில்வரில் செய்து நிக்கல் பூசியது. எங்கள் ஜப்பான் நகலில் இருந்ததோ குரோம் பூசிய பித்தளை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். காது மட்டும் கண்டுபிடித்துவிடும். காரணம், நாங்கள் பள்ளியில் 'குரான் து ஃபூக்கோ' என்று படித்த சுழல் மின்னோட்டம். காந்தப்புலம் மாறும்போது பக்கத்தில் உள்ள உலோகத் தகட்டிலும் மின்சாரம் சுழல்கிறது. சுழன்று, தன்னைப் பிறப்பித்த மாற்றத்தையே எதிர்க்கிறது. அதிர்வு எவ்வளவு வேகமோ இழப்பும் அவ்வளவு. அதனால் முதலில் அடிபடுவது மேல் ஒலிகள்தான். பித்தளை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஜெர்மன் சில்வரின் மின்தடை பித்தளையைவிட ஏறக்குறைய நாலு மடங்கு. ஆகவே சுழலும் மின்சாரம் குறைவு, ஒலியும் தெளிவு. ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது, பேத்தி சொன்ன போர்வையில் வந்து நிற்கிறது!

பழைய மூடியையே புதுப்பிக்கலாமே என்று கேட்பீர்கள். களிம்பை மெல்லிய துணியால் துடைக்கலாம். ஆனால் பொரிந்த குரோமை வீட்டில் மறுபடி பூசும் எண்ணமே வேண்டாம். அந்தக் கரைசல் கொடிய நஞ்சு. அது முலாம் பூசும் பட்டறைக்காரர் வேலை. அங்கே கொடுத்துப் பளபளப்பாக்கினாலும் உள்ளே இருப்பது பித்தளைதான்.

புது மூடி வாங்குமுன் முதல் திருகுத்தலையின் நடுவிலிருந்து ஆறாவதின் நடுவரை அளக்கவேண்டும். கிட்டாருக்குக் கிட்டார் இது மாறும். எங்களுடையதில் இரண்டு பிக்கப்பும் 50 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் தவறினாலும் திருகுகள் துளையில் உட்காரா. பிக்கப்பை வெளியே எடுத்தால், மூடியும் அடித்தகடும் பக்கத்துக்கு ஒரு ஈயப்பற்றால் ஒட்டியிருக்கும். எங்கள் தெரு ரேடியோ மெக்கானிக் அதைக் கூரிய கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி எடுத்தார். "சூடு காட்டிக்கிட்டே இருந்தா சுருள் போயிடும் சார்" என்றார். திரும்பப் பற்றவைக்கும்போதும் ஒட்டும் இடத்தை உரசி, தடித்த முனையுள்ள இரும்பால் சில விநாடிகளில் முடித்தார். இந்தப் பற்றின் வழியாகத்தான் மூடி தரையிணைப்பு பெற்று வெளி இரைச்சலைத் தடுக்கிறது. மூடிக்கும் சுருளுக்கும் இடையில் காற்று இருந்தால் பெரிய சத்தத்தில் வீலென்று கத்தும். அதற்காகப் பாரஃபினும் கொஞ்சம் தேன்மெழுகும் கலந்து உருக்கி, அதில் பிக்கப்பை முக்கி எடுக்கிறார்கள். மெழுகை நேரே அடுப்பில் வைக்கக்கூடாது, தீப்பிடிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்கவேண்டும்.

இரண்டுக்கும் புது மூடி போட்டு, பேத்தி வாசித்தாள். போர்வை விலகியது உண்மை. அண்ணியும் வந்திருந்தார். பாட்டு முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க அண்ணன் வாசிச்ச மாதிரி இல்லையே" என்றார். பிறகு மேசைமேல் கிடந்த பழைய மூடியை எடுத்து, மஞ்சளாகத் தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

பேத்திக்குக் கேட்டது குறை; அண்ணிக்குக் கேட்டது அவர் புருஷன். இதில் யார் சரி என்று நான் எப்படிக் குறிப்பெழுதுவது?

வழி கிட்டாரிலேயே இருந்தது. அதில் மூன்று நிலைச் சுவிட்சு ஒன்று உண்டு: மேல் பிக்கப், கீழ்ப் பிக்கப், இரண்டும் சேர்ந்து. இரண்டின் அளவும் ஒன்றுதான் என்பதால், தேய்ந்த பித்தளை மூடியை மெக்கானிக்கிடம் கொடுத்து மேல் பிக்கப்பில் பற்றவைத்துவிட்டோம். தேய்மானத்தை மெருகேற்றவில்லை. கீழ்ப் பிக்கப்பில் புது ஜெர்மன் சில்வர். ஒன்று வெள்ளையாகவும் ஒன்று மஞ்சள் பட்டும் இருப்பது பார்க்கப் பொருத்தமில்லைதான். பேத்தியின் சிநேகிதிகள் கேட்டார்களாம். "அது பெரிய தாத்தா சைடு" என்று சொல்லிவிட்டாளாம்.

உங்கள் வீட்டிலும் பழைய வாத்தியம் ஏதாவது கிடந்தால், துலக்குவதற்கு முன் அதைக் கேட்டுப் பழகிய ஒருவரை அழைத்து ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எது அழுக்கு, எது கைபட்ட தடம் என்று அவர் சொல்வார்.