காகாவின் விரலும் ஒரு பழைய பவர் ஹேக்ஸாவும்

ராஜ்கோட்டில் பழைய மெஷின் வாங்குவது நம்மூரில் பழைய சைக்கிள் வாங்குவது மாதிரி. மெஷின் டூல்ஸ் தயாரிக்கிற ஊர் என்பதால், ஏதாவது ஒரு பட்டறை மூடிக்கொண்டே இருக்கும், இன்னொன்று திறந்துகொண்டே இருக்கும். பக்திநகர் பக்கம் ஒரு காகா பட்டறையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். (காகா என்றால் இங்கே சித்தப்பா. பறவை இல்லை.) லேத்தெல்லாம் அதற்குள் விலை போய்விட்டது. மூலையில் 7 இஞ்ச் பவர் ஹேக்ஸா ஒன்று மட்டும் மிச்சம்.

பார்த்திராதவர்களுக்கு: கையால் இரும்பு அறுக்கிறோமே, அதே ஹேக்ஸா பிளேடின் அண்ணன். 14 இஞ்ச் நீளம். மோட்டார் சுற்ற, கிராங்க் அதை முன்னும் பின்னும் இழுக்கும். வைஸில் கம்பியை மாட்டிவிட்டு நாம் டீ குடிக்கலாம். வீட்டில் இருக்கிற குட்டி லேத்துக்குத் துண்டு போட, 50 மிமீ கம்பியைக் கையால் அறுத்து என் தோள்பட்டை ஏற்கெனவே புகார் மனு கொடுத்திருந்தது.

பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கு மேல் நாலாயிரம் போட்டு 16,000 ரூபாய்க்கு முடித்தோம். குட்டியானையில் ஏற்றும்போதுதான் காகா வலது கையைத் தூக்கிக் காட்டினார். ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை.

"இந்த மெஷின்தான். எல்லாரும் பிளேடைப் பார்த்துப் பயப்படுவான். பிளேடு மெதுவா வரும், தெரியும். பெல்ட்தான் ஆளை இழுக்கும்" என்றார். ஓடும்போதே பனியன் வேஸ்ட்டால் துடைத்திருக்கிறார். பெல்ட் பெரிய புல்லிக்குள் நுழைகிற இடத்தில் வேஸ்ட் மாட்டி, பின்னாலேயே விரலும் போயிருக்கிறது. பெல்ட் கார்டு? அது வாங்கின வருஷமே கழற்றிப் போட்டாயிற்றாம். பெல்ட் மாற்ற இடைஞ்சல் என்று.

இதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். தங்கமணி ஒரே வரியில் முடித்துவிட்டாள். "ஏங்க, பெயிண்ட் கியிண்ட் எல்லாம் அப்புறம். அந்த விரலுக்கு ஒரு வழி பண்ணிட்டு அப்புறம் கரண்ட் குடுங்க. பொண்ணு ஓடுற இடம் இது." எங்களது டெனமென்ட். இங்கே தனி வீட்டை அப்படித்தான் சொல்கிறார்கள். கார் நிற்க வேண்டிய போர்டிகோதான் என் பட்டறை. பெண்ணுக்கு ஒன்பது வயது. சைக்கிளை அங்கேதான் நிறுத்துவாள்.

அதனால் முதல் வேலை பெல்ட் கார்டு. 16 கேஜ் தகட்டில் இரண்டு புல்லியையும் சேர்த்து மூடுகிற பெட்டி, முன்பக்கம் மட்டும் கம்பி வலை. பின்பக்கம் சுவர்தானே என்று விடக்கூடாது, எட்டிப் பார்த்தால் கை அங்கேதான் ஊன்றும். அடியில் கீல், மேலே ஒரு போல்ட். கழற்றச் சிரமமான கார்டு என்றைக்காவது கழற்றி வீசப்படும், அதற்குக் காகாவே சாட்சி.

இரண்டாவது, கரண்ட். மெஷினில் இருந்தது 415 வோல்ட் மூணு ஃபேஸ் மோட்டார். என் வீட்டில் சிங்கிள் ஃபேஸ். 1 எச்பி, 1440 ஆர்பிஎம் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் மாற்றினேன். சுமார் 7 ஆம்பியர்தான் இழுக்கும், 16 ஆம்பியர் ப்ளக் தாராளம். முக்கியமானது மோட்டார் இல்லை, ஸ்டார்ட்டர். பழைய சுவிட்ச் வெறும் தள்ளு சுவிட்ச். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மெஷின் தானாக ஓட ஆரம்பித்துவிடும். நாம் என்ன ஆச்சு என்று பிளேடுக்குப் பக்கத்தில் குனிந்திருப்போம். ஊரில் தோட்டத்து மோட்டாருக்கு பச்சை பட்டன் சிவப்பு பட்டன் பெட்டி பார்த்திருப்பீர்களே, அந்த டிஓஎல் ஸ்டார்ட்டர் சிங்கிள் ஃபேஸுக்கும் கிடைக்கிறது. கரண்ட் போனால் உள்ளே காயில் விட்டுவிடும். திரும்ப நாம் பச்சையை அமுக்கினால்தான் உயிர் வரும். வெட்டி முடிந்ததும் கை கீழே விழுந்து தட்டுகிற இடத்தில் ஒரு லிமிட் சுவிட்ச் வைத்து, அதையும் சிவப்பு பட்டன் ஒயரோடு சீரிஸில் கொடுத்தாயிற்று. பாடியில் தனி எர்த்.

இதற்கே நாலு ஞாயிற்றுக்கிழமை. அப்புறம்தான் வெட்டிப் பார்த்தேன். வெட்டியது, ஆனால் கிறீச்சென்று அழுதுகொண்டே. பிளேடு அரை மணியில் மொட்டை.

கை ஹேக்ஸாவில் பல் முன்னோக்கி இருக்கும், தள்ளும்போது வெட்டும். இந்த மெஷின் இழுக்கும்போது வெட்டுகிற ரகம், பல் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும். அது சரியாகத்தான் இருந்தது. திரும்பிப் போகும்போது பிளேடு லேசாகத் தூக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பல் இரும்பில் உரசியே மழுங்கும். தூக்குவதற்கு உள்ளே சின்ன ஹைட்ராலிக் சிலிண்டர். திறந்தால் எண்ணெய் என்ற பெயரில் தார். மண்ணெண்ணெயில் கழுவி, வால்வில் குழி விழுந்திருந்த ஸ்டீல் குண்டை மாற்றி, சீல் புதுசு போட்டு, 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் ஊற்றினேன். காகாவைக் கூப்பிட்டேன், வந்தார். பிளேடு தூக்குவதைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். மட்டமான பிளேடு கொடுக்கிறான் என்று கடைக்காரரோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறாராம் :-)

அப்புறம் கார்டைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது 50 மிமீ மைல்டு ஸ்டீல் ஆறு நிமிஷம். கட்டிங் ஆயில் ஒன்றுக்கு இருபது தண்ணீர், பால் மாதிரி ஊற்றவேண்டும். வார்ப்பிரும்புக்கு மட்டும் வேண்டாம், அது உலர்வாகவே வெட்டும். பிளேடு இஞ்சுக்குப் பத்துப் பல். மெல்லிய குழாய்க்கு இது ஆகாது, எப்போதும் மூன்று பல்லாவது இரும்பில் இருந்தால்தான் பல் உடையாது.

பெயிண்ட்? இன்னும் இல்லை. வீட்டுப் பெயிண்ட்டிலேயே ஈயத்துக்கு 90 பிபிஎம் வரம்பு 2017 நவம்பரில்தான் வந்தது, இது அதற்கெல்லாம் ரொம்ப முந்தின தொழிற்சாலைப் பெயிண்ட். காயவைத்துத் தேய்த்தால் தூசி வீடெல்லாம் பறக்கும். பெண் பாட்டி வீட்டுக்குப் போகிற மே மாதத்தில் ஈரமாகவே சுரண்டலாம் என்றிருக்கிறேன். அதுவரை ஞாயிறு நாலு மணிக்கு மேல்தான் மெஷின். ஒன்றிலிருந்து நாலு வரை ராஜ்கோட்டே தூங்கும், அந்த நேரத்தில் சத்தம் போட்டால் காகாவே வந்து சண்டை பிடிப்பார்.