சீமெந்து பில்லும் ஆட்சி மாற்றமும்

கொஸ்லந்தைப் பக்கம் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர்களுக்குத் தேர்தல் முடிவு வேறு மாதிரிக் கேட்கும். எந்தக் கட்சி என்பதல்ல, கொடுத்த சாமானுக்கான பில்லில் இனி யார் கையெழுத்து வைப்பார் என்பதுதான் கவலை.

2014 ஒக்டோபர் 29இல் அந்தப் பக்கத்து மீரியபெத்த தோட்ட லயன்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. அடுத்த ஜனவரியில் ஆட்சியே மாறியது. மக்கள் கைக்கு வீடு வந்தபோது 2016. அதுவரை தேயிலைத் தொழிற்சாலைக்குள் சீவியம்.

டெண்டர்களுக்கு விதி வகுக்கும் தேசிய பெறுகை ஆணைக்குழுவும் இப்படித்தான் ஆட்சிக்கு ஆட்சி மாறியது. 2015இல் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் அதைக் கொண்டுவந்தது, 2020இல் 20ஆம் திருத்தம் தூக்கியது, 2022இல் 21ஆம் திருத்தம் திரும்ப வைத்தது. பெரிய கொந்தராத்துக்காரர் இதையெல்லாம் தாங்குவார். கடனுக்குக் கூரைத்தகடு எடுத்துக் கொடுத்தவர் வட்டியிலேயே முடிந்துபோவார்.

தம்பிமாரே, "மினிஸ்டர் சொல்லிட்டாரு அண்ணே" என்று யாராவது வந்தால், எழுத்தில் ஓடர் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு பேக் சீமெந்துகூட லொறியில் ஏற்றாதீர்கள்.