மழைக்கு ஒதுங்கிய மாளிகை

மழை வந்தால் மற்ற ஊர்களில் குடை விரியும். எங்கள் தாயில்பட்டியில் முகம் சுருங்கும். வானம் கறுத்தால் பட்டாசு மருந்து காயாது. மருந்து காயாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் கூலி ஏது?

அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நாள் விடிந்ததிலிருந்தே மழை கொட்டிற்று. பழக்க தோஷம், அங்கேயும் என் முகம் சுருங்கிவிட்டது! "வாங்க தாத்தா, நனையாத இடம் ஒண்ணு காட்டுறேன்" என்று பேத்தி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

அது டெட்ராய்ட் கலைக்கூடம். 1885-ல் தோன்றி, 1927 முதல் இப்போதைய வெண்பளிங்கு மாளிகையில் இருந்து வருகிறது. நடு மண்டபத்தில் கால் வைத்தேனோ இல்லையோ, அசந்து நின்றுவிட்டேன். ராஜா ராணிகளை எதிர்பார்த்த எனக்குச் சுவரெல்லாம் தொழிலாளிகள்! உலை கனல்கிறது, ஆட்கள் குனிந்தும் வளைந்தும் இயந்திரங்களோடு மல்லாடுகிறார்கள். மெக்ஸிகோ ஓவியர் டீகோ ரிவேரா 1932, 33-ஆம் ஆண்டுகளில் 27 பகுதிகளாகத் தீட்டிய போர்டு மோட்டார் தொழிற்சாலைக் காட்சிகள் அவை. செலவை ஏற்றவர் யார் தெரியுமா? முதலாளி ஹென்றி போர்டின் மகன் எட்ஸல் போர்டு!

இன்னோர் அறையில் பேத்தி, "தாத்தா, உங்க ஊர் சமாசாரம்!" என்று கூவினாள். இரண்டடி உயரம்கூட இல்லாத சின்னப் படம். இருட்டு, புகை, நடுவே சிதறும் பொன்னிறப் பொறிகள். லண்டனில் நடந்த வாணவேடிக்கையை விஸ்லர் என்ற ஓவியர் 1875-ல் தீட்டியது. 'விழும் ராக்கெட்' என்று பெயர்.

முப்பது வருஷம் ராக்கெட்டுக்கு மருந்து செலுத்தியவன் சும்மா இருப்பேனா? "கரித்தூளும் இரும்புத்தூளும்தாம்மா இந்தப் பொன்னிறத்தைத் தரும். அலுமினியப் பொடி வாணத்துக்கு வந்ததெல்லாம் அதற்கு அப்புறந்தான்" என்றேன்.

இந்தப் படத்துக்கு 200 கினி விலையா என்று ரஸ்கின் என்ற விமர்சகர் ஏளனம் செய்தாராம். விஸ்லர் மானநஷ்ட வழக்குப் போட்டார். இரண்டு நாள் வேலைக்கா இவ்வளவு என்று கோர்ட்டில் கேட்டதற்கு, ஆயுள் முழுதும் கற்ற அறிவுக்கு இந்த விலை என்றாராம். 1878-ல் வழக்கு ஜெயித்தது. கிடைத்த நஷ்டஈடு ஒரே ஒரு பார்த்திங், அதாவது கால் பென்னி! மறு வருஷம் மனிதர் திவாலானார்.

எனக்கு எங்கள் தெரு அக்கா ஒருத்தியின் நினைவு வந்தது. மருந்தின் பதத்தை விரல் நுனியால் சொல்லிவிடுவாள். வேலை முடிந்து வந்தால் கையெல்லாம் வெள்ளி பூசினாற்போல் மின்னும். ஒரு தீபாவளிக்கு முந்திய மாதம் வேலைக்குப் போனவள் திரும்பவே இல்லை. அவள் கற்ற அறிவுக்கு யார் வழக்குப் போட்டார்கள்?

"இந்த ராக்கெட்டைச் செஞ்சது யாரு தாத்தா?" என்று கேட்டாள் பேத்தி.

படத்துக்கு அருகே இருந்த அட்டையைப் பார்த்தேன். ஓவியர் பெயர் மட்டும் இருந்தது.

வெளியே மழை விட்டிருந்தது. "போகலாமா?" என்றாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நடு மண்டபத்துக்குப் போனேன். உலைக்கு முன்னே குனிந்து நிற்கும் அந்த ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.