மாடியறையும் டிஎல்சிஐ எண்களும்

2014 ஜூனில் சிஸ்கோவின் சிசிஐஇ ரவுட்டிங் அண்ட் ஸ்விட்சிங் தேர்வின் பாடத்திட்டம் மாறியபோது ஃபிரேம் ரிலேயை எடுத்துவிட்டார்கள். 2016இல் சிசிஎன்ஏவிலிருந்தும் அது போய்விட்டது. தேர்வு நடத்துகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓடாத ஒன்றைப் பிள்ளைகள் ஏன் மாய்ந்து மாய்ந்து படிக்க வேண்டும்? ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று மனசு கனத்துப்போனது. இப்போது நினைத்தாலும் அப்படித்தான்.

தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஒரு கம்பெனிக்குப் பல ஊர்களில் கிளை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து தனி லீஸ்டு லைன் இழுப்பது கட்டுப்படியாகாது. ஃபிரேம் ரிலேயில் பக்கத்து எக்ஸ்சேஞ்ச் வரை ஒரு லைன் போதும். அந்த ஒரே லைனுக்குள் பல ஊர்களுக்கான பாதைகள் ஓடும். அப்படி ஒரு பாதைக்கு பிவிசி என்று பெயர். ஒவ்வொரு பிவிசிக்கும் ஓர் எண் உண்டு, அதுதான் டிஎல்சிஐ. நாம் பயன்படுத்தக் கிடைத்தவை 16 முதல் 1007 வரை. அந்த எண் செல்லுபடியாவது அந்த முனையில் மட்டும். சென்னை ரவுட்டரில் மதுரைப் பாதை 102 என்றால், மதுரை ரவுட்டரில் அதே பாதை 201 ஆக இருக்கும். செலவைக் குறைக்க எல்லோரும் போட்டது ஹப் அண்ட் ஸ்போக் அமைப்பு. தலைமை அலுவலகத்துக்கும் ஒவ்வொரு கிளைக்கும் பாதை உண்டு, கிளைக்கும் கிளைக்கும் நேர்ப்பாதை கிடையாது.

மேடவாக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வேளச்சேரி, தாம்பரம், சோழிங்கநல்லூர், மாம்பாக்கம், கீழ்க்கட்டளை என்று எங்கிருந்து எங்கே போனாலும் கூட்டு ரோட்டுக்கு வந்துதான் திரும்ப வேண்டும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த அண்ணனும் அந்தக் கூட்டு ரோட்டை வைத்துத்தான் ஆரம்பித்தார்.

2000களின் தொடக்கம் அது. மாம்பாக்கம் ரோட்டில் ஒரு வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையை வாடகைக்குப் பிடித்து அண்ணன் லேப் வைத்திருந்தார். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. சேலையூரிலிருந்தும் பள்ளிக்கரணையிலிருந்தும் பையன்கள் ஒருத்தர் சொல்லி ஒருத்தராக வந்து சேர்ந்தோம். இரும்பு ரேக்கில் செகண்ட் ஹாண்டில் வாங்கிய சிஸ்கோ 2501 ரவுட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஈதர்நெட், இரண்டு சீரியல். நடுவில் பத்து சீரியல் போர்ட் கொண்ட ஒரு 2522, அதுதான் எங்களுக்கு ஃபிரேம் ரிலே ஸ்விட்ச். கனமான வி.35 கேபிள்கள் ரேக்கின் பின்னால் கொத்தாகத் தொங்கும். வெயில் நேரத்தில் அந்த அறையில் உட்காரவே முடியாது. அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் கூடுவோம்.

அங்கே நாங்கள் திரும்பத் திரும்பச் செய்த வேலை மேப்பிங். எந்த ஐபி முகவரிக்கு எந்த டிஎல்சிஐ வழியாகப் போக வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லிவைப்பது. ஹப் 10.1.1.1, ஸ்போக்குகள் 10.1.1.2, 10.1.1.3. இன்வர்ஸ் ஆர்ப் என்ற வசதி, பாதையின் மறுமுனையில் இருப்பவரின் முகவரியைத் தானாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஆகவே ஹப்புக்கு இரண்டு ஸ்போக்குகளையும் தெரிந்துவிடும், ஸ்போக்குகளுக்கு ஹப்பைத் தெரிந்துவிடும். ஆனால் ஒரு ஸ்போக்குக்கு இன்னொரு ஸ்போக் இருப்பதே தெரியாது. அதை நாம்தான் கையால் எழுத வேண்டும்: ‘ஃபிரேம்-ரிலே மேப் ஐபி 10.1.1.3 201’. அதாவது, மூன்றாம் ஆளிடம் போக வேண்டுமா, ஹப் பக்கம் போகிற 201இலேயே ஏறு, மீதியை ஹப் பார்த்துக்கொள்ளும். எதிர்ப்பக்க ஸ்போக்கிலும் இதே மாதிரி ஒரு வரி வேண்டும். இல்லாவிட்டால் பாக்கெட் போய்ச் சேரும், பதில் திரும்பி வராது.

அந்த வரியை அடித்ததும் பிங் ஓடும், ஐந்து ஆச்சரியக்குறி விழும். பையன்கள் எழுந்துவிடுவார்கள். அண்ணன் விட மாட்டார். போய் ரேக்கின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மறுபடி போடுவார். 2500 வரிசை ரவுட்டர் பூட் ஆகி எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எழுந்ததும் பிங் அடித்தால் ஹப்பே காணாமல் போயிருக்கும்! ஒரு டிஎல்சிஐயில் ஐபிக்கு ஒரு மேப்பைக் கையால் எழுதிவிட்டால், அந்த டிஎல்சிஐயில் ஐபிக்கான இன்வர்ஸ் ஆர்ப் நின்றுவிடும். முன்பே கற்றுக்கொண்டது நினைவில் இருக்கும்வரை எல்லாம் சரியாக ஓடுவதுபோல் இருக்கும். கரண்ட் போய் வந்தால் அந்த நினைவு அழிந்துவிடும். ஆகவே ஹப்புக்கும் சேர்த்து ஒரு வரி எழுத வேண்டும்: ‘10.1.1.1 201 பிராட்காஸ்ட்’.

“கரண்ட் போய் வந்தப்புறமும் பிங் போச்சுன்னாதான்டா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்” என்பார். மின்வெட்டுக்குப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல பரிசோதனை ஏது? பிறகு நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் எந்தக் கருவியையும் ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

அந்த பிராட்காஸ்ட் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ஸ்போக்கில் அது ஹப்புக்கான வரியில் மட்டும் இருக்க வேண்டும். இரண்டு வரியிலும் சேர்த்துவிட்டால், ஒரே பாதையில் ஒரே ரவுட்டிங் அப்டேட் இரண்டு பிரதியாகப் போய் 64 கிலோபிட் லைனை வீணாக அடைக்கும். இன்னொன்றை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். ஸ்போக் தன் சொந்த முகவரியைத் தானே பிங் செய்யக்கூட ஒரு மேப் வரி வேண்டும். அந்த பாக்கெட் ஹப் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வரும். இஐஜிஆர்பியில் ஸ்பிளிட் ஹரைசனை அணைப்பது, ஓஎஸ்பிஎஃப்பில் ஹப்பை மட்டுமே டிஆர் ஆக விட்டு ஸ்போக்குகளின் பிரையாரிட்டியை 0 ஆக்குவது எல்லாம் அதற்கப்புறம் வந்த பாடங்கள். சப்-இன்டர்ஃபேஸ் போட்டால் இந்தத் தொல்லைகளில் பாதி இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அண்ணன் அதைக் கடைசியில்தான் காட்டினார். அது சரியான வரிசை என்றே இன்றும் நினைக்கிறேன்.

படித்தது வீண்போகவில்லை. ஓஎம்ஆரில் ஒரு அலுவலகத்தில் இரவு ஷிப்ட் கிடைத்தது. அமெரிக்காவில் ஊர் ஊராகக் கிளை வைத்திருந்த ஒரு கடைச் சங்கிலியின் நெட்வொர்க்கை இங்கிருந்து பார்த்துக்கொண்டோம். அதன் கிளைகள் எல்லாம் ஃபிரேம் ரிலேயில். ‘ஷோ ஃபிரேம்-ரிலே பிவிசி’ அடித்ததும் ஒரு சொல்லிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். இன்ஆக்டிவ் என்று வந்தால் நம் பக்கம் சரி, தூரத்து முனையில் ஏதோ. டெலிட்டெட் என்று வந்தால் அந்த டிஎல்சிஐயே டெலிகாம் ஸ்விட்சில் இல்லை, அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். பெக்கன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் வழியில் நெரிசல். முகம் தெரியாத ஊர்களின் கிளை எண், டிஎல்சிஐ, ஐபி எல்லாம் எனக்கு மனப்பாடம். விடியற்காலையில் ஷேர் ஆட்டோவில் பெரும்பாக்கம் வழியாக வீடு திரும்பும்போதும் அந்த எண்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

2005இல் டைனமிப்ஸ் என்ற மென்பொருள் வந்தது. ரேக்கில் இருந்ததெல்லாம், அந்த ஃபிரேம் ரிலே ஸ்விட்ச் உட்பட, ஒரு கம்ப்யூட்டருக்குள் அடங்கிவிட்டது. லேபுக்கு ஆள் வருவது குறைந்தது. வாடிக்கையாளர்கள் எம்பிஎல்எஸ்ஸுக்கு மாறினார்கள், அதில் கிளையும் கிளையும் நேராகவே பேசிக்கொள்ளலாம். அண்ணன் அறையைக் காலி செய்துவிட்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் அபார்ட்மென்ட் நிற்கிறது.

ஃபிரேம் ரிலே திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இன்றைய எஸ்டி-வேன் வேகமானது, மலிவானது, கிளை திறந்த அன்றே ஓடுகிறது. நான் ஏங்குவது, ஒரு பாக்கெட் எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் வெளியேறுகிறது என்பதை ஒரு பையன் தன் கையால் எழுதி, தவறும்போது தானே தேடிக் கண்டுபிடித்த அந்தப் பழக்கத்துக்காக. என்னிடம் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். திரையில் பச்சைப் புள்ளி சிவப்பானால் உடனே டிக்கெட் போடுகிறார்கள். அது ஏன் சிவப்பானது என்று தோண்டிப் பார்க்க அவர்களுக்கு யாரும் ஒரு சாயங்காலத்தைக் கொடுத்ததில்லை. இது அவர்கள் குற்றமல்ல, கற்றுக்கொடுக்க வேண்டிய நம் குறை.

தாம்பரம் வட்டாரத்தில் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ நெட்வொர்க் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், ஒரே ஒரு வகுப்பில் ஒரு ஹப், இரண்டு ஸ்போக் போட்டு, அந்த மேப் வரிகளை மாணவர்களையே எழுதவிடுங்கள். பிங் போனதும் எல்லா ரவுட்டரையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இதற்கு வேண்டிய மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.