மறைத்த துயர்

இசைப்பேரறிஞர் பீத்தோவன் 1770ஆம் ஆண்டில் செருமானிய நகரமாகிய பானில் பிறந்தவர். முப்பது வயது நிரம்புமுன்னரே அவர்தம் செவிப்புலன் குன்றத் தொடங்கிற்று. ஓசையையே வாழ்வாகக் கொண்டவர்க்கு இதனினும் பெருந்துன்பம் யாதுளது? எனினும், அக்குறையினும் அதனை மறைத்து வாழ்ந்ததே அவரை மிகுதியும் வாட்டியது. உரக்கப் பேசுமாறு பிறரைக் கேட்க நாணி, அவர் நண்பர் கூட்டத்தை விட்டு விலகினார். உலகமோ அவரை மனிதரை வெறுப்பவர் என்று எண்ணிற்று.

1802ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், வியன்னாவை அடுத்த ஹைலிகென்ஸ்டாட் என்னும் சிற்றூரில் தங்கியிருந்தபோது, தம் உடன்பிறந்தார்க்கு ஒரு மடல் வரைந்தார். வாழ்வை வெறுத்த தம் நிலையையும், கலையே தம்மைத் தடுத்துக் காத்ததையும் அதில் மனந்திறந்து எழுதினார். ஆயினும் அம்மடலை அவர் அனுப்பினாரல்லர். 1827இல் அவர் மறைந்த பின்னரே அது கண்டெடுக்கப்பட்டது.

காலம் செல்லச் செல்ல மறைப்பு அகன்றது. 1818ஆம் ஆண்டு முதல், அவரைக் காண வந்தோர் தாம் சொல்ல விரும்பியதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினர். அவர் வாயால் விடை பகர்ந்தார். 1824இல் அவருடைய ஒன்பதாம் சிம்பனி அரங்கேறியது. அவையோரின் கையொலி கேளாது நின்றவரைப் பாடகி ஒருவர் அவர்கள்பால் திருப்பினார். அசையும் கைகளைக் கண்டு அவர் தலைவணங்கினார்.

நாணாது கேட்க அவர் போன்றோர்க்குத் துணிவு வேண்டும். சலியாது மீண்டும் சொல்ல நமக்குப் பொறை வேண்டும்.