செல்லுக்குப் பசை தடவுனது யாரு?

செல்னு சொன்னதும் பாக்கெட்டைத் தடவாதீங்க பாஸ், இது பயாலஜி செல். உங்க உடம்புல சுமார் முப்பது லட்சம் கோடி இருக்கு. அதுல பெரும்பங்கு ரத்தச் சிவப்பணுக்கள். அதுங்க யார் கையையும் பிடிக்காம ஊர் சுத்துற கோஷ்டி, விட்ருவோம். மத்ததெல்லாம் தோலா, குடலா, இதயமா சேர்ந்து நிக்குதே... ஏன் மணல் மாதிரி உதிர்ந்து கொட்டலை?

எம்.எஸ்ஸி. செல் கல்ச்சர் லேப்லதான் எனக்கு இந்தக் கேள்வி வந்துச்சு. பிளாஸ்க் அடியில ஓடு பதிச்ச மாதிரி செல்கள் ஒட்டிக்கிட்டு இருக்கும். ட்ரிப்சின் ஊத்தி 37 டிகிரியில சில நிமிஷம் வெச்சா, ஒவ்வொண்ணா உருண்டையாகி மிதக்க ஆரம்பிச்சிடும். அந்த பாட்டில் லேபிள்ல ட்ரிப்சின் பக்கத்துலயே ‘ஈ.டி.டி.ஏ.’னு போட்டிருக்கும். கதையே அந்த நாலு எழுத்துலதான்.

ஜப்பான்ல கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசடோஷி டகெய்ச்சி, 1970-களின் நடுவில் அமெரிக்காவின் பால்டிமோருக்கு ஆராய்ச்சி பண்ணப் போனார். கியோட்டோவுல பிரிச்சு விட்ட செல்கள் சட்டுனு மறுபடி கட்டிப் பிடிச்சுக்கும். பால்டிமோர்லயோ தனித்தனியாவே நின்னுச்சு. நாமளா இருந்தா ‘இந்த ஊர்த் தண்ணி சரியில்லை’னு கேன்டீனுக்குக் கிளம்பியிருப்போம். மனுஷன் ட்ரிப்சினை நோண்டினார். அமெரிக்க லேப்ல மட்டும் ஈ.டி.டி.ஏ. கலந்திருந்தாங்க. அது கால்சியத்தைக் கவ்விக்கிற ஆசாமி. கால்சியம் இருக்கிற வரைக்கும் ட்ரிப்சினுக்குத் தப்பிக்கிற ஒரு பசைப் புரதம், கால்சியம் போனதும் வெட்டுப்பட்டுப் போகுதுனு அவருக்குப் புரிஞ்சது. 1977-ல் பேப்பர் போட்டார். அந்தப் புரதத்துக்குப் பின்னாடி வெச்ச பேர், கேட்ஹெரின்.

ஒவ்வொரு வகை கேட்ஹெரினும் பெரும்பாலும் தன் இனத்தோடதான் கை கோக்கும். 1988-ல் அவரோட குழு ரெண்டு வகை கேட்ஹெரின் கொடுத்த செல்களைக் கலந்துவிட, அதுங்க தானா ரெண்டு கூட்டமா பிரிஞ்சுச்சு. ஹாஸ்டல் மெஸ்ல திருநெல்வேலி டேபிள், கோவை டேபிள் உருவாகுமே, அதே கதைதான்!

வெறும் பசைனும் நினைச்சுடாதீங்க. கேட்ஹெரினோட வால் செல்லுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவர் பீட்டா-கேட்டனின். சுவரோரம் இருக்கிற வரைக்கும் சாது. செல்லுக்குள்ள தனியா சுத்துற பீட்டா-கேட்டனினை செல் உடனுக்குடன் அழிச்சிடும். அந்த ஏற்பாடு கெட்டுப்போனா, அவர் நியூக்ளியஸுக்குள்ள நுழைஞ்சு ‘பெருகு’னு சொல்ற ஜீன்களை ஆன் பண்ணிடுவார். பெருங்குடல் புற்றுநோய்ல பெரும்பாலும் நடக்கிறது இதுதான்.

இதெல்லாம் எனக்கு வெறும் அஞ்சு மார்க் கேள்வியா இல்லாமப் போனதுக்குக் காரணம் எங்க பெரியம்மா. மாசக்கணக்கா வாய்ப்புண். ரசஞ்சாதம்கூட எரியும். அப்புறம் முதுகுல கொப்புளங்கள், லேசா உரசினாலே உடையும். சொந்தக்காரங்க சிலர் அவங்க டம்ளரைத் தனியா எடுத்து வெச்சாங்க. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பெரியம்மா இருந்தாங்க.

பயாப்ஸி பார்த்துட்டு டாக்டர் சொன்ன பேர், பெம்ஃபிகஸ் வல்காரிஸ். தோல் செல்களைச் சேர்த்துப் பிடிக்கிற டெஸ்மோக்ளீன்-3, கேட்ஹெரின் குடும்பத்துப் பிள்ளை. நம்ம எதிர்ப்புச் சக்தியே அதை எதிரினு நினைச்சு ஆன்டிபாடி தயாரிக்குது. ஆன்டிபாடி வந்து ஒட்டினா பிடி விலகும். அது மட்டுமில்ல, செல்லுக்குள்ள சிக்னல் போய், செல்லே டெஸ்மோக்ளீனை உள்ளே இழுத்துக்குது. பிடி விட்ட இடத்துல நீர் கோத்துக் கொப்புளம். 1950-களில் ஸ்டீராய்டு வர்றதுக்கு முன்னாடி இந்த வியாதியில பிழைச்சவங்க குறைவு.

கிருமி கிடையாது, தொத்தாது. செல்லு, கையி, கால்சியம்னு காலண்டர் பின்பக்கத்துல படம் போட்டு வீட்ல ஒவ்வொருத்தருக்கும் விளக்கினேன். எம்.எஸ்ஸி. வைவாவைவிடக் கஷ்டம். டம்ளர் பழைய அடுக்குக்குத் திரும்ப ஒரு மாசம் ஆச்சு.

ஸ்டீராய்டு முகத்தை உப்ப வெச்சுச்சு, சர்க்கரையும் ஏத்துச்சு. ஆன்டிபாடி தயாரிக்கிற பி செல் கூட்டத்தையே குறைக்கிற ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டப்புறம் மெதுவா புண் ஆறுச்சு. போன தை மாசக் கல்யாணத்துல பந்தியில என் பக்கத்துல உக்காந்த பெரியம்மா, பரிமாறுறவரைக் கூப்பிட்டு ரெண்டாவது அப்பளம் கேட்டாங்க.