தூண்டுகோல்

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவனொருவன் ஓர் ஆங்கிலக் கட்டுரையை எம்மிடம் கொணர்ந்து, அதிலே நல்லாசிரியர் ஒருவருக்கு அடைமொழியாய் நின்ற ‘ஸ்ரிமியுலேற்றிங்’ என்னும் சொல்லுக்குத் தமிழ் யாதென வினவினான். ‘தூண்டுகின்ற’ என எழுதுக என்றோம். அவன் போகாது நின்று, “எதைக் கொண்டு தூண்டுகின்றவர், சேர்?” என்றான். அவ்வினா அன்றிரவு எம்மை அகராதிகளின்பாற் செலுத்திற்று.

அச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலுள்ளது. ‘ஸ்ரிமுலுஸ்’ என்பது ஆங்கு மாட்டை முடுக்கும் முட்கோல். இன்றைய ஆங்கில வழக்கிலோ அம்முள் மழுங்கிவிட்டது. புத்தெண்ணங்களை எழுப்பும் பேச்சு, நூல், நட்பு என்பவற்றுக்கும், உடலுக்குச் சுறுசுறுப்பூட்டும் கோப்பி போன்றவற்றுக்கும் அவ்வடைமொழி பொருந்தும். கலகத்துக்கு ஏவும் உரையை அதனாற் குறித்தல் வழக்கன்று. அதற்கு வேறு சொற்கள் உள. தமிழில் ‘தூண்டுதல்’ இருபாலுஞ் செல்லும்: அறிவையும் தூண்டலாம், குற்றத்தையும் தூண்டலாம். ஆதலின் இடம் நோக்கி, ‘ஊக்கமூட்டும்’ என்றோ ‘சிந்தனையைக் கிளரச் செய்யும்’ என்றோ பெயர்த்தல் தகும். இன்னுமொன்று: பாடம் ‘ஸ்ரிமியுலேற்றிங்’, அதனால் ஊக்கமுற்ற மாணவனோ ‘ஸ்ரிமியுலேற்றெட்’. இவ்விரண்டையும் மாணாக்கர் மயங்கி எழுதுதல் ஆண்டுதோறும் யாம் காணும் பிழை.

தமிழிலும் தேரையும் குதிரையையும் தூண்டுதல் உண்டு. எனினும், தூண்டுகோல் என்றதும் எம் நினைவில் எழுவது, விளக்கின் திரியை முன்தள்ளும் சிறு கோலே. எண்ணெயும் சுடரும் விளக்கினுடையன. கோல் செய்வது சிறிது. வள்ளுவரும் 60ஆம் அதிகாரத்துக்கு ‘ஊக்கமுடைமை’ என்றே பெயரிட்டார். ஊக்கம் ஒருவனது உடைமை; பிறர் புகுத்தும் பொருளன்று.

இதனை யாம் காலந்தாழ்த்தே கற்றோம். பயிற்சிக் கலாசாலையினின்று வெளிவந்த புதிதில், எம் வகுப்பில் அசை பிரிக்கத் தடுமாறும் மாணவனொருவன் இருந்தான். அவன் பிழைத்த போதெல்லாம் எம் பிரம்பு பேசிற்று. அவனும் பிழையின்றிப் பிரிக்கக் கற்றான், யாமும் மகிழ்ந்தோம். ஆண்டிறுதியில் அவனது கொப்பியைத் தற்செயலாகப் பின்புறமிருந்து புரட்டினோம். அங்கே அவனே இயற்றிய பாட்டுக்கள் இருந்தன. தளை தட்டினும் உயிருள்ள பாட்டுக்கள். தை, மாசி, பங்குனி எனத் திங்களுங் குறித்திருந்தான். பங்குனிக்குப் பின் வெற்றுத் தாள்களே. யாப்பிலக்கணத்தை யாம் தொடங்கியது சித்திரையில்.

அன்று எம் கையிலிருந்தது முட்கோல். அதனைத் தூண்டுகோல் என எண்ணியிருந்தோம். பிரம்பை அப்பாற் போட்டு ஆண்டுகள் பலவாயின. எனினும், மாணாக்கர் கொப்பிகளை இன்றும் யாம் பின்புறமிருந்தே புரட்டத் தொடங்குகின்றோம்.

மறுநாள், வினவிய மாணவனுக்கு, “திரியைத் தூண்டுவதுபோல்” என விடை கூறினோம். அவன் எழுதிக்கொண்டான்.

பாட்டெழுதிய அம்மாணவனும் இன்று பழைய மாணவருள் ஒருவன். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், பங்குனிக்குப் பின்னுள்ள பாட்டுக்களை வாசிக்க அவனுடைய ஆசிரியர் காத்திருக்கின்றார் என அறிவானாக.